கடலூரில் ஒரு பிரஷர் கிளினிக்: ஆறு மாதம் போய் வந்த பிறகு

அப்பாவுக்கு 64 வயது, பிரஷர் வந்து எட்டு வருஷம். இத்தனை நாளும் ஒரே டாக்டர், இரண்டு நிமிஷம், "கொஞ்சம் அதிகமா இருக்கு, உப்பைக் குறைங்க", அடுத்த டோக்கன். ஐப்பசியில் ஒரு நாள் 170/100 காட்டியதும் பயந்துபோய் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் சேர்த்தோம். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. மாதம் 500 ரூபாய், மாத்திரைக்குத் தனி. டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட், டயட்டீஷியன் என்று நான்கு பேர், நான்கு பேரும் ஒரே நோட்டில்தான் எழுதுகிறார்கள்.

முதல் நாள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தோம். உடனே கையை நீட்டச் சொல்வார் என்று பார்த்தால், நர்ஸ் "ஐயா, பாத்ரூம் போகணும்னா போய்ட்டு வந்துருங்க, அப்புறம் அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்க" என்றார். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல். ஒரு நிமிஷம் விட்டு இரண்டு தடவை பார்த்தார். அப்பாவுக்குக் கை பருமன். வீட்டு மெஷினில் இருக்கும் பட்டை அவருக்குச் சின்னது, சின்னதைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். சரியான பட்டையிலும் 158 இருந்தது, அது வேறு கதை.

ஏன் குறையவில்லை என்பதைக் கண்டுபிடித்தது பார்மசிஸ்ட். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். கொட்டிப் பார்த்தால் சூரணம், சத்து மாத்திரைக்கு நடுவில் டைக்ளோஃபெனாக் அட்டை. மூட்டு வலிக்காக அப்பா தெருமுனைக் கடையில் தானே வாங்கி தினம் ஒன்று போட்டிருக்கிறார். இந்த வகை வலி மாத்திரை உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்கி பிரஷரை ஏற்றுமாம், சில பிரஷர் மாத்திரைகளையும் சரியாக வேலை செய்ய விடாதாம், கிட்னிக்கும் ஆகாது. அன்றைக்கு இன்னொரு பிரஷர் மாத்திரை சேர்ப்பதாக இருந்த டாக்டர், பார்மசிஸ்ட் போய்ச் சொன்னதும் அதை விட்டுவிட்டு வலி மாத்திரையை மாற்றி முட்டிக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். எட்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. நானும்தான் கேட்கவில்லை, மகன் என்று பெயர்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நர்ஸ் போன் செய்வார். தை மாதம் அப்படிப் பேசும்போதுதான், கால் வீங்குகிறது என்று அப்பா அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை எங்களிடம்கூடச் சொல்லாமல் நிறுத்தியிருந்தது வெளியே வந்தது. அந்த மாத்திரைக்கு அது வழக்கமாக வருவதுதானாம். டாக்டர் அளவைக் குறைத்து வேறொன்றைச் சேர்த்தார், வீக்கம் வடிந்தது. இப்போது வீட்டில் பார்த்தால் 130-ஐ ஒட்டி நிற்கிறது.

சரி, குறை. டயட்டீஷியன் கொடுத்த தாளில் ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், புரோக்கோலி! கடலூர் ஓ.டி.யில், அதாவது துறைமுகப் பக்கத்துப் பழைய ஊரில், பிறந்து வளர்ந்த மனுஷனிடம் கருவாடு சாப்பிடுவீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்பது மட்டும் உருப்படியான தகவல். கருவாடு மாதத்தில் ஒரு நாள், அன்றைக்கு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எதுவும் கிடையாது என்ற ஒப்பந்தம் அம்மா போட்டது. அப்புறம், சனிக்கிழமை போனால் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். நினைவூட்டும் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வருகிறது, அப்பா அதை லோன் விளம்பரம் என்று அழித்துவிடுகிறார்.

காசு இடிக்கிறது என்றால் 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறது. நெல்லிக்குப்பத்தில் என் அத்தைக்கு அந்தத் தன்னார்வலர் பெண் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரையும் இலவசமாகக் கொடுத்துப் போகிறார்.

நாங்கள் இன்னும் ஆறு மாதத்துக்குக் கட்டியிருக்கிறோம். ஐந்துக்கு நான்கு. ஓட்ஸ் தாளை அம்மா மடித்து, ஆடிக்கொண்டிருந்த கிரைண்டர் காலுக்கு அண்டை கொடுத்துவிட்டார்.