ஒரு டிஸ்க்குக்குத்தான் காசு இருக்கிறது: ஹொரைசனா, சுஷிமாவா, ராக்னரொக்கா?

பிளேஸ்டேஷனின் பெரிய கேம்கள் எல்லாம் ஒரே அச்சு என்று திருகோணமலை உப்புவெளியில் டிஸ்க் மாற்றி விளையாடும் எங்கள் பொடியன்கள் சொல்லத் தொடங்கிக் கனகாலம். புதிதாக வரும்போது ஒன்றின் விலை 70 டொலர். இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து, போன வருடம் விளையாடியதையே திரும்ப விளையாடினால் யாருக்கும் வயிறு எரியும்தான். ஆகவே ஹொரைசன் ஃபோர்பிடன் வெஸ்ட் (2022), கோஸ்ட் ஒஃப் சுஷிமா (2020), கோட் ஒஃப் வோர் ராக்னரொக் (2022) மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஒற்றுமை கண்ணில் குத்துகிறது. மூன்றிலும் கமரா நாயகன் அல்லது நாயகியின் முதுகுக்குப் பின்னால். மூன்றிலும் எங்கே ஏறலாம் என்று பாறையிலேயே அடையாளம் இருக்கும். புள்ளி சேர்த்துத் திறன் வாங்க வேண்டும், சாமான் பொறுக்கிக் கவசத்தைப் பலப்படுத்த வேண்டும், நடந்துகொண்டே யாராவது கதை சொல்வதைக் கேட்க வேண்டும்.

ஆனால் சண்டை தொடங்கியதும் மூன்றும் மூன்று திசையில் போய்விடுகின்றன. ஹொரைசனில் எதிரி இயந்திர மிருகம். அதன் உறுப்பை அம்பால் கழற்றி விழுத்தலாம். தண்டர்ஜோ என்ற பெரிய இயந்திர மிருகத்தின் முதுகில் இருக்கும் ஆயுதத்தைக் கழற்றி, அதையே எடுத்து அதன்மேல் சுடுகிற சந்தோஷம் வேறெங்கும் கிடைக்காது. சுஷிமாவில் வாளைப் பிடித்து நிற்கும் நிலையை எதிரிக்கு ஏற்றபடி, வாள்காரனுக்கு ஒரு நிலை, கேடயக்காரனுக்கு இன்னொரு நிலை, ஈட்டிக்காரனுக்கு வேறொன்று என்று நின்ற நிற்பிலேயே மாற்ற வேண்டும். ராக்னரொக்கில் எறிந்த கோடாரி பட்டனை அழுத்தியதும் கைக்குத் திரும்பி வந்து அடிக்கும் அந்த 'டக்', அதற்காகவே பாதி விலை கொடுக்கலாம்.

வழிகாட்டும் விதத்தில் என் ஓட்டு சுஷிமாவுக்கு. மூலையில் குட்டி வரைபடம் கிடையாது. கொன்ட்ரோலரின் டச்பேட்டில் விரலை இழுத்தால், போக வேண்டிய பக்கம் காற்று அடிக்கும். நரியின் பின்னால் போனால் ஒரு சின்னக் கோயில் வரும். (எங்கள் ஊர் பஸ் நிலையத்துப் பக்கம் திரியும் மான்களின் பின்னால் போனால் குப்பைத் தொட்டிதான் வரும்.) ஹொரைசனின் நாயகி ஏலோயோ தனக்குத் தானே கதைத்துக்கொண்டே இருப்பாள். புலம்பல் தாங்காமல் ஆட்கள் முறையிட்ட பிறகு, பை நிறைந்ததைப் பற்றி அவள் சொல்வதை ஒரு அப்டேட்டில் குறைத்தார்கள். ராக்னரொக்கில் இன்னும் மோசம்: புதிரைப் பார்த்து மூச்சு விடுவதற்குள் கூட வருபவர் விடையை அவிழ்த்துவிடுவார்.

ஏன் இப்படி? காசுதான். அக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை மைக்ரோசொஃப்ட் வாங்குவது பற்றி 2023இல் நடந்த அமெரிக்க வழக்கில், பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி கொடுத்த ஆவணங்களில், கறுப்பு மையால் மறைத்த இலக்கங்கள் ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்துவிட்டன. ஃபோர்பிடன் வெஸ்டைச் செய்ய 212 மில்லியன் டொலர், சோனியின் இன்னொரு கேமான லாஸ்ட் ஒஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 220 மில்லியன். அவ்வளவைப் போட்டவன் ஒரு ஆள் கூட வழி தெரியாமல் நின்று கேமை மூடிவைத்துவிடக் கூடாது என்று பயப்படுவான். அந்தப் பயம்தான் பாறையில் அடையாளமாகவும் காதில் உபதேசமாகவும் வருகிறது.

இதற்கு நல்ல சாட்சி சோனியின் சொந்த வீட்டிலேயே இருக்கிறது. 2024இல் வந்த அஸ்ட்ரோ பொட் என்ற கேமில் கோட் ஒஃப் வோருக்கு ஒரு கட்டம், ஹொரைசனுக்கு ஒரு கட்டம் உண்டு. முதலாவதில் கோடாரி, அடுத்ததில் வில். சாமான் பொறுக்கலும் திறன் புள்ளியும் கிடையாது. கொஞ்ச நேரம்தான் என்றாலும் இரண்டையும் யாரும் மாறி நினைக்க முடியாது. அதாவது மூலச் சரக்கு வேறு வேறுதான். அதைச் சுற்றி அடைத்த பஞ்சுதான் ஒன்று. அந்த வருடம் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் விருதும் இதற்குத்தான் கிடைத்தது.

போட்டி நிறுவனமான நின்டென்டோ பக்கம் சுருக்கமாக: அவர்களின் செல்டா ப்ரெத் ஒஃப் த வைல்டும் முதல் ஹொரைசனும் 2017இல் சில நாள் இடைவெளியில் வந்தவை. செல்டாவில் அநேகமாக எந்தச் சுவரிலும் ஏறலாம், எங்கே ஏறுவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செல்டாவில் இருப்பதுபோல, உயரத்திலிருந்து மிதந்து இறங்க ஒரு கிளைடர் ஃபோர்பிடன் வெஸ்டில் ஏலோயின் கையிலும் வந்து சேர்ந்தது. ஆனால் செல்டாவுக்கு வேறு கன்சோல் வேண்டும், ஒரு டிஸ்க்குக்கே யோசிக்கிற எங்களுக்கு அந்தக் கதை வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? மூன்றில் ஒன்றையும் தொடாதவர் சுஷிமாவை எடுங்கள். பழைய பிஎஸ்4 டிஸ்க் பிஎஸ்5இலும் நன்றாக ஓடும், கைமாறிய டிஸ்க் மலிவு. அதை முடித்த கையோடு ஹொரைசனுக்குப் போகாதீர்கள், பொறுக்கிப் பொறுக்கி அலுத்துவிடும். இடையில் அஸ்ட்ரோ பொட்டைப் போடுங்கள். ராக்னரொக் ஆசை இருந்தால் 2018 கோட் ஒஃப் வோரை முதலில் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கதை பிடிபடாது. அந்த 2018 டிஸ்க்கை இரவல் கேட்டால் அநேகமாக யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள்.