கிராமத்தைச் சுற்றிப் பார்க்க நடையா, சைக்கிளா?

பழைய கோட்டை, கல்வெட்டு, காட்டுப்பாதை என எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க ஆசை. ஆனால் எதில் போவது என்று பலர் குழம்புகிறார்கள்.

தூரம்: நடந்தால் மணிக்கு 4, 5 கிலோமீட்டர். சைக்கிளில் மண்பாதையிலும் 10 கிலோமீட்டர் போகலாம்.

ஏற்றம்: இங்கேதான் கணக்கு மாறும். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொன்ன விதி நடப்பவர்களுக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். படிக்கட்டும் பாறையும் வந்துவிட்டால் சைக்கிள் வெறும் சுமைதான்.

பார்வை: சிதைந்த மதிலும் பாதி புதைந்த கல்வெட்டும் நடப்பவர் கண்ணில்தான் படும். தேய்ந்த எழுத்துகள் காலை, மாலைச் சாய்வெயிலில் எடுப்பாகத் தெரியும். உச்சிவெயிலில் மறைந்தே போகும். நின்று நிதானமாகப் பார்க்கும் அந்த நேரத்துக்காகவே நான் நடையின் பக்கம்.

செலவு: நடைக்கு நல்ல காலணி போதும். சைக்கிளுக்குப் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், பூட்டு வேண்டும்.

சின்னங்கள் நெருக்கமாக இருந்தால் நடங்கள். திசைக்கொன்றாகச் சிதறிக் கிடந்தால் சைக்கிள். இடையில் குன்று இருக்கிறதா? சரி, அடிவாரம் வரை சைக்கிளில் போய், அங்கே பூட்டிவிட்டு ஏறுங்கள்.