மயில்கழுத்து நீலத் தலைமுடிச் சாயம்: உடை அலமாரியின் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

தலைமுடிச் சாயங்களைப் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை, பூசிய அன்று முடி எப்படி மின்னுகிறது என்பதோடு நின்றுவிடுகின்றன. நீல முடியோடு நடமாடுபவருக்கோ, இந்தத் தலைக்கு எந்தச் சட்டை பொருந்தும் என்பதுதான் அன்றாடக் கேள்வி. அலச அலச இறங்கிவிடும் இந்த அரை நிரந்தரச் சாயத்தை அந்தக் கேள்வியோடுதான் பயன்படுத்திப் பார்த்தேன். சாயம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிறத்தை நம்பி உடை வாங்கினால் பணம் வீண்.

இவ்வகைச் சாயத்தில், முடியின் இயற்கை நிறத்தை வெளுக்கும் பெராக்சைடு கிடையாது. நிறப்பொருள் முடியின் மேலடுக்கிலும் அதையொட்டியும் படிவதோடு சரி. எனவே கறுப்பு முடியில் நேரடியாகப் பூசினால் வெயிலில் மட்டும் லேசான நீலம் தெரியும். பளிச்சென்ற நிறத்துக்கு முதலில் ப்ளீச் செய்தாக வேண்டும். ப்ளீச் செய்த முடியில் எஞ்சியிருக்கும் மஞ்சள், நீலத்தோடு சேர்ந்து பச்சையாகத் திரும்பும். இந்தச் சாயத்தில் சற்றே ஊதா கலந்திருப்பதால் அந்தப் பச்சை தொடக்கத்தில் அடங்கியே இருக்கிறது.

உடைப் பொருத்தத்தில்தான் இதன் குணம் முழுமையாகத் தெரிந்தது. பிரான்சின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை மேற்பார்வையிட்ட வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்று எழுந்த புகாரை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறங்களில் இருக்கிறது என்று கண்டார். அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதத்தை 1839-இல் விரிவாக வெளியிட்டார். கண்ணாடி முன் நின்றால் அதை நாமே பார்க்கலாம். முடிக்கு ஒத்துப்போகும் என்று ராமர் நீலச் சட்டையை அணிந்தால், சட்டையின் ஆழ்ந்த நீலத்துக்கு அருகில் முடி வெளுத்து, பச்சையோடியதுபோல் தெரிகிறது. அதே முடி, நீலத்துக்கு எதிர் நிறமான ஆரஞ்சுக்கு மேலே கூர்மையாக எழுந்து நிற்கிறது. உடல் முழுவதும் ஆரஞ்சு என்றால் இரண்டு நிறங்களும் ஒன்றையொன்று அதட்டும். வெங்காயச் சருகு நிறச் சட்டைக்கு ஆரஞ்சுக் கரை அல்லது கழுத்துத்துணி என்ற அளவே போதும். பூப்போட்ட துணி விரும்புபவர்கள், அந்தப் பூவில் ஓர் இதழாவது முடியின் நீலத்தில் இருக்கும்படி தேர்ந்தெடுத்தால், எத்தனை நிறங்கள் கலந்திருந்தாலும் கண் சிதறுவதில்லை. எதற்கும் கறுப்பு அணிந்துவிடுங்கள் என்ற வழக்கமான அறிவுரை எனக்கு உடன்பாடில்லை. இவ்வளவு பாடுபட்டு நீலம் பூசியவர் கறுப்பில் ஒளிவானேன்?

அலசலுக்கு அலசல் நிறம் இறங்குகிறது. முதலில் ஊதாச் சாயை போகிறது, பிறகு நீலம் மயில்பச்சையாகிறது, கடைசியில் பாசி நிறம். இறங்கும் ஒவ்வொரு நிறமும் அணிவதற்கு உரியதுதான், ஆனால் உடையும் கூடவே மாற வேண்டும்: நீலத்துக்கு எடுபட்ட ஆரஞ்சைவிட, பச்சை ஏறிய முடிக்கு அரக்குச் சிவப்பும் கத்திரிப்பூ நிறமும் கூடுதலாகப் பொருந்துகின்றன. புதிதாக ஒரே ஓர் உடைதான் வாங்க முடியும் என்றால் செங்கல் நிறத்தை வாங்குங்கள். ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் நடுவே இருப்பதால் நீலம், மயில்பச்சை இரண்டுக்கும் அது ஈடுகொடுக்கிறது. துணியைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாமல், பகல் வெளிச்சத்தில் ஒரு கற்றை முடியை அதன்மேல் வைத்துப் பார்ப்பது அவசியம், ஏனெனில் விளக்கொளியில் இணைந்த இரு நிறங்கள் வெயிலில் பிரிந்துவிடக்கூடும்.

குறை என்றால் கறைதான். ஈர முடியும் வியர்வையும் சேர்ந்தால் வெளிர்நிறச் சட்டையின் காலர் உள்மடிப்பில் நீலக் கோடு விழுகிறது. குளிர்ந்த நீரில் அலசுவதும் சல்ஃபேட் இல்லாத ஷாம்பூவும் நிறம் இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன, கறையை முற்றிலும் தடுப்பதில்லை. முதல் சில அலசல்கள் வரை வெள்ளைச் சட்டைகளுக்கு ஓய்வு கொடுப்பதே வழி. பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பே தோலில் சிறிது தடவிச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற குறிப்பைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, பூசிய அன்றைய நீலத்தோடு வெளுத்த பிறகு வரும் நிறங்களையும் வரிசையாக அச்சிட்டால், வாங்குபவர் தன் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.