ஜிம்மா, தெப்பக்குளமா? கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு எது ஒத்துவரும்?

டாக்டர் சொல்லியும் இரண்டு வருடம் உடற்பயிற்சியைத் தள்ளிப்போட்டேன். காரணம் சோம்பல் இல்லை, கூச்சம். மூச்சு வாங்குகிற இந்த உடம்பை நாலு பேர் பார்ப்பார்களே என்று. அப்புறம் வீட்டுப் பக்கத்தில் ஒரு ஜிம்முக்கு மூன்று வாரம் போனேன். இப்போது பத்து மாதமாக மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன்.

ஜிம்முக்குக் கட்டணம் உண்டு, மழைத் தொல்லை கிடையாது. தெப்பக்குளத்துக்கு இரண்டும் நேர்மாறு. அதை விடுங்கள்.

ஜிம்மில் என்னைப் படுத்தியது கண்ணாடி. மற்றவர்கள் பார்த்தார்களோ இல்லையோ, நான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. சங்கடமான படம் போட்ட டி-சர்ட்டோடு மாணவர்களை ஒவ்வொருவராக, மற்றவர்கள் இருந்த ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்ததோ கால்வாசிப் பேர்தான். இதை அப்போதே படித்திருந்தாலும் அந்தக் கண்ணாடி முன்னால் எனக்குத் தைரியம் வந்திருக்காது.

ஆனால் எனக்கு முடிவு சொன்னது முதல் நாள் கூச்சம் இல்லை. நடுவில் விட்டுப்போய், திரும்பிப் போகிற நாளின் கூச்சம். மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் ஜிம்முக்குப் போகவில்லை. போன அன்று வாசலிலேயே பயிற்சியாளர், "என்னக்கா, ஒரு வாரமா ஆளையே காணோம்?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். உள்ளே இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அதற்கடுத்து ஒருநாள் விட்டுப்போனதும் அந்தக் கேள்விக்குப் பயந்தே நின்றுவிட்டேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறைய விருந்தாளிகள். பத்து நாள் நடை போச்சு. பதினோராம் நாள் தெப்பக்குளத்துக்குப் போனேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. சேலைக்கு ஷூ போட்ட அம்மா ஒருவர் எதிரே வந்தார், இரண்டே நொடியில் கடந்து போனார். நான் மைய மண்டபத்தைப் பார்த்தபடி நடந்தேன். வீட்டில் எப்போதும் ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும். விட்ட இடத்தில் சத்தமில்லாமல் தொடர முடிகிற இடம்தான் எனக்கு நிலைத்தது.

குளம் ஏறக்குறைய 1000 அடிக்கு 950 அடி. ஒரு சுற்று 1.2 கிலோமீட்டர் பக்கம் வரும். இரண்டு சுற்றுக்கு எனக்கு அரை மணி நேரம். வாரம் ஐந்து நாள் நடந்தால், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற குறைந்தபட்ச 150 நிமிடம் சேர்ந்துவிடும்.

அதே நிறுவனம் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. அதற்கு ஜிம்தான் சரி. நான் மொட்டை மாடியில் தண்ணீர் பாட்டிலைத் தூக்குகிறேன், அது போதுமா என்று சொல்லத் தெரியவில்லை. நான் போன ஜிம்மில் பத்து மணிக்கு மேல் பெண்களுக்கு மட்டும் என்று நேரம் இருந்தது. வேலைக்குப் போகிறவள் என்பதால் அதை நான் பார்க்கவில்லை. வீட்டில் இருப்பவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

தெப்பக்குளம் என்றால் காலை ஐந்தரைக்குப் போங்கள். மாலையில் கைப்பிடிச் சுவர் நெடுக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டி ஒரு பக்கம் மட்டும் போன வாரம் நடந்து பார்த்தேன். முழுச் சுற்றுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.