டேஷ்போர்டு பளபளக்க: பாலிஷா, ஸ்டிக்கரா, பெயின்டா?

பழைய காரின் டேஷ்போர்டை வழவழவென்று பியானோ பிளாக்கில், அதாவது கண்ணாடி போல மின்னும் கறுப்பில், மாற்ற வேண்டும் என்று கிருஷ்ணகிரியில் நாலு கடை ஏறி இறங்கினால் நாலு பதில் கிடைக்கும். ஆக்சசரீஸ் கடையில் பாலிஷ் பாட்டிலை நீட்டுவார்கள். ஸ்டிக்கர் கடைக்காரர் ஒரு மணி நேர வேலை என்பார். பெயின்டரோ வண்டியை விட்டுட்டுப் போங்க என்பார். செலவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

முன்கண்ணாடிக்குக் கீழே படுத்திருக்கும் மேல்தட்டை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். கம்பெனிக்காரன் அதை மங்கலாக விட்டிருப்பது கஞ்சத்தனத்தால் இல்லை. சாயங்காலம் சூளகிரி தாண்டி ஓசூர் பக்கம் போகும்போது வெயில் நேர் எதிரே இறங்கும். மேல்தட்டு பளபளத்தால் அதன் பிம்பம் கண்ணாடியில் விழுந்து, முன்னால் போகும் லாரி சரியாகத் தெரியாது. பயணி பக்க ஏர்பேக் மூடியும் அப்படித்தான். குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்கும்படி செய்யப்பட்டது அது. மேலே பள்ளம் நிரப்பும் பட்டியோ பெயின்ட்டோ ஸ்டிக்கரோ ஏறக் கூடாது. புது மாடல்களுக்கு அந்த ஏர்பேக் 2021 ஏப்ரலில்தான் கட்டாயமானது என்றாலும், பழைய வண்டிகள் பலவற்றிலும் உண்டு. தட்டின் மேல் ஏர்பேக் என்றோ எஸ்ஆர்எஸ் என்றோ எழுத்து இருந்தால் கையை வைக்காதீர்கள். மிச்சமிருக்கும் நடுப்பட்டை, ஏசி வென்ட் சட்டம், கியர் சுற்றுப்பலகை ஆகியவற்றுக்குத்தான் இந்தப் போட்டி.

பாலிஷை உடனே தள்ளிவிடலாம். சிலிக்கோன் பாலிஷ் தருவது எண்ணெய் மினுமினுப்பு. சொரசொரப்பு அப்படியே இருக்கும், நெடுஞ்சாலைப் புழுதி வந்து ஒட்டும். பின்னால் பெயின்ட் அடிக்கும்போதும் வம்பு. அடியில் சிலிக்கோன் மிச்சமிருந்தால் பெயின்ட் வட்ட வட்டமாக விலகிக் குழி விழும். உப்புத்தாள் போடுவதற்கு முன்னால் சோப்புத் தண்ணீரிலும் கிரீஸ் ரிமூவரிலும் நன்றாகக் கழுவ வேண்டும். முதலில் தேய்த்துவிட்டுப் பிறகு கழுவினால் அந்த எண்ணெயை உள்ளே இறக்கிவிட்ட மாதிரிதான்.

ஸ்டிக்கர், அதாவது வினைல் ரேப், தட்டையான பட்டைக்கு நல்ல வழி. பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம், வண்டியை விற்கும்போது பழைய பட்டை அப்படியே இருக்கும். ஆனால் அது மெல்லிய தாள். அடியில் இருக்கும் தோல் போன்ற வரிகளை மறைக்காது. பளபளப்பான கிளாஸி தாளாக இருந்தால் இன்னும் எடுத்துக்காட்டும். வரி ஆழமாக இருந்தால் பசை மேடுகளில் மட்டும்தான் பிடிக்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில், வளைவில் இழுத்து ஒட்டிய தாள் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும், ஓரம் தூக்கும். ஒட்டி முடித்ததும் ஹீட் கன்னால் ஓரங்களைச் சூடாக்கி அமுக்குகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

அசல் வழவழப்பு வேண்டுமென்றால் பெயின்ட்தான். நம்மூர் கிரானைட் பட்டறையில் கல்லை மேலும் மேலும் நைசாகத் தேய்த்துக் கண்ணாடியாக்குவது போல, இங்கேயும் பளபளப்பு பிறப்பது தேய்ப்பில்தான். பட்டையைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். > < என்ற இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே ஏபிஎஸ் என்றோ பிபி என்றோ பிளாஸ்டிக்கின் வகை ஆங்கில எழுத்தில் அச்சாகி இருக்கும். ஏபிஎஸ் என்றால் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். பிபி என்றால் பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் அடித்த பெயின்ட் நகத்தால் சுரண்டினாலே தோலாக உரியும். பிறகு 240 நம்பர் உப்புத்தாளில் வரிகளைத் தேய்த்து, மிச்சப் பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் பிரைமர் கொடுத்து, 600, 800 வரை தண்ணீர் விட்டுத் தேய்த்தபின்தான் கறுப்பு. அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட், அது இறுகியதும் 1500, 2000, கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட். பிரைமரில் ஒரு வரி மிஞ்சினாலும் கிளியர் அதை மறைக்காது, பூதக்கண்ணாடி வைத்துக் காட்டும்.

கடையில் வாங்கும் சாதாரண ஸ்ப்ரே டப்பாவும் பெயின்ட் தானே என்று கேட்கலாம். அது கரைப்பான் ஆவியாகிக் காய்வது, தின்னர் துணி பட்டால் திரும்பவும் கரையும். ஹார்டனர் கலக்கும் 2கே கிளியர் வேதிவினையில் இறுகுவது, அப்படிக் கரையாது, கீறலையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் ஹார்டனரில் மூச்சைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வீட்டில் அடிக்கிற சரக்கு அல்ல. அம்மியே பறக்கும் ஆடிக் காற்றில் திறந்த ஷெட்டிலும் வேண்டாம். ஈரமான கிளியரில் புழுதி வந்து உட்காரும். சொந்தக் கையால் செய்ய ஆசை என்றால் தேய்ப்பு வரை நீங்களே முடித்து, கிளியருக்கு மட்டும், புழுதி புகாத பெயின்ட் அறை (பூத்) வைத்திருக்கும் பெயின்டரிடம் கொடுங்கள். கூலியில் பெரும்பகுதி தேய்ப்புக்குத்தான் போகிறது.

ஹைட்ரோ டிப்பிங் மர வரி, கார்பன் வரி கேட்பவர்களுக்கு. தண்ணீரில் மிதக்கும் படத்தில் முக்கி எடுத்தாலும் அடியில் பிரைமர், மேலே கிளியர் என்று அதே வேலைதான். வெறும் கறுப்புக்கு அது வீண் செலவு.

என் தேர்வு: பட்டை தட்டையாக, வரி இல்லாமல் இருந்தால் ஸ்டிக்கர். வளைவும் வரியும் இருந்தால் 2கே. எதுவானாலும் பியானோ பிளாக்கில் விரல் தடமும் துணிக் கீறலும் தெரியத்தான் செய்யும். காய்ந்த துணியால் புழுதியைத் துடைக்காமல், முதலில் பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஈர மைக்ரோஃபைபர் போடுங்கள். பெயின்ட் அடித்த முதல் வாரம் அதையும் போடாதீர்கள், மெழுகு, பாலிஷ் பக்கம் ஒரு மாதமாவது போகாதீர்கள்; கிளியர் உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும்.