ஓடு எரியாது, சரி. ஓட்டைத் தாங்குவது?

நாகர்கோவில் பக்கத்தில் இருக்கும் அம்மாவின் பூர்வீக வீட்டில் அடுப்படிக் கூரையைப் பிரிக்க வேண்டி வந்தது. சீமை ஓடுகள் நன்றாகவே இருந்தன. அவற்றைத் தாங்கும் கைமரங்களில்தான் கரையான் ஏறிவிட்டது. எங்கள் ஊரில் கைமரத்தைக் கழுக்கோல் என்போம். வெல்டிங் பட்டறைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "சதுர பைப் போட்டுடலாம் சார், கரையானும் வராது, தீயும் பிடிக்காது" என்றார். எங்கள் ஆசாரியிடம் சொன்னேன். "தீப்பிடிக்காதுதான். ஆனா தீ வந்தா அதுதான் முதல்ல விழும், பாத்துக்கிடுங்க தம்பி. தடியான அயினி மரச் சட்டம் போடுங்க" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மரம் எரியும், இரும்பு எரியாது. பிறகு எப்படி இரும்பு முதலில் விழும்? அதைத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எரியாத பொருள் வேறு, தீயில் நிற்கும் பொருள் வேறு. 2018 பிப்ரவரியில் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்தன. அங்கே தூணும் கல், கூரையும் கல். கல் எரியவில்லை; சூட்டில் வெடித்து, மண்டபத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஆகவே "இது எரியுமா?" என்று கேட்டால் போதாது. "தீ மூண்டால் இது எத்தனை நிமிடம் பாரம் தாங்கும், போகும்போது எப்படிப் போகும்?" என்று கேட்க வேண்டும்.

பாரமும் கொஞ்சநஞ்சம் இல்லை. சீமை ஓடு ஒன்று 2 முதல் 3 கிலோ இருக்கும், சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு பிடிக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அடுப்படி என்றால்கூட, சரிவையும் கணக்கில் சேர்த்து, தலைக்கு மேலே அரை டன் தொங்குகிறது. மலைப்பக்கங்களில் வேயும் ஸ்லேட் கல்லுக்கும் இதே கதைதான். அது போதாதென்று, சூட்டில் ஸ்லேட் ஏடு ஏடாகப் பிளந்து தெறிக்கும்.

முதலில் மரம். தடியான மரம் எரியும்போது வெளிப்புறம் கரியாகிறது. அந்தக் கரியே உள்மரத்துக்குச் சூடு போகாமல் தடுக்கிறது. கெட்டியான மரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் கரியும், மென்மரம் அதைவிடச் சற்று வேகமாக. நாலுக்கு ஆறு அங்குலச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அரை மணி நேரம் தீயில் நின்றாலும் பக்கத்துக்கு 15 மி.மீ. போல இழந்து, நடுவில் நல்ல மரம் மிஞ்சும். எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடிவது மரத்தின் பெரிய பலம். ஆசாரி சொன்னதில் உண்மை இருந்தது.

ஆனால் அவர் ஒன்றை விட்டுவிட்டார். ஓடு நேராகக் கைமரத்தில் உட்காருவதில்லை, கைமரங்களுக்குக் குறுக்கே அடிக்கும் மெல்லிய மரப்பட்டையான ரீப்பரில் உட்காருகிறது. இரண்டுக்கு ஒரு அங்குல ரீப்பரை எல்லாப் பக்கமும் தீ சூழ்ந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வலு போய்விடும். கைமரம் அசையாமல் நிற்க, ஓடுகள் வரிசையாகக் கீழே கொட்டும். தீயணைக்க உள்ளே வந்தவரின் தலையில் விழுவது அந்த ஓடுதான். பழைய அரண்மனைகளிலும் பெரிய வீடுகளிலும் ஓட்டுக்கு அடியில் தடித்த பலகை மச்சு அடித்திருந்தால் இந்த ஆபத்து கொஞ்சம் தள்ளிப்போகும். சாதாரண ஓட்டு வீட்டில் ஏது மச்சு?

அப்புறம் இரும்பு. இன்று ஊரெல்லாம் இதுதான். விலை கட்டுப்படியாகிறது, இரண்டு நாளில் வேலை முடிகிறது, கரையான் தொல்லை இல்லை. இவையெல்லாம் நிஜமான வசதிகள், மறுக்கவில்லை. ஆனால் தீ என்று வந்தால் ஏமாற்றுவதும் இதுதான். ஏறக்குறைய 550 டிகிரி செல்சியஸில் உருக்கு தன் வலுவில் பாதியை இழக்கிறது. கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் உலையில் ஐந்து நிமிடத்திலேயே வெப்பம் 575 டிகிரியைத் தாண்டுகிறது, அரை மணியில் 840ஐத் தொடுகிறது. 2 மி.மீ. கனமுள்ள சதுர பைப்புக்குள் சூடு ஊறிப் பரவ நேரமே தேவையில்லை. சுற்றியுள்ள காற்று எப்படியோ, சில நிமிடங்களில் பைப்பும் அப்படியே. அதோடு அது நீளும். இருபது அடி பைப் 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் நீண்டு, முட்டிக்கொண்டிருக்கும் சுவரையே வெளியே தள்ளும். மரச்சட்டம் விழுமுன் கரிந்து, கீறி, சத்தம் கொடுக்கும். மெல்லிய பைப் துவண்டு ஒரேயடியாக உட்காரும். ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு துருவைத்தான் தடுக்கும். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும்.

இரும்பைக் காப்பாற்ற வழி உண்டு. சூட்டில் உப்பி நுரைபோல் மூடிக்கொள்ளும் பெயின்ட் இருக்கிறது. ஆனால் பைப் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு தடிமனாகப் பூச வேண்டும், செலவு கையைக் கடிக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது, பைப்புக்குக் கீழே தீத்தாங்கும் ஜிப்சம் போர்டு அடிப்பது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதனுள் பிணைந்திருக்கும் நீர். அந்த நீர் முழுக்க ஆவியாகும்வரை போர்டுக்குப் பின்புறம் 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். இணைப்புகளைச் சரியாக மூடினால் ஆட்கள் வெளியேற நேரம் கிடைக்கும். ஓட்டில் ஒழுக்கு இருந்தால் மட்டும் இதை அடிக்கவே கூடாது. நனைந்த போர்டு நொறுங்கிவிடும்.

இரும்பையும் சுட்ட மண்ணையும் சேர்த்த ஒரு வழியும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் T வடிவ இரும்புகளைச் சரிவாக வைத்து, இடையில் உள்ளீடற்ற மண் கட்டிகளைப் பொருத்தி, அதன்மேல் ஸ்லேட் வேய்ந்தார்கள். களிமண்ணில் மரத்தூளைக் கலந்து சுட்டால் தூள் எரிந்துபோய் நுண்துளைகள் மிஞ்சும். அந்தக் கட்டியில் ஸ்லேட்டுக்கான ஆணியை நேரடியாக அடிக்கலாம். ரீப்பரே வேண்டாம்! நம் பக்கத்தில் கிடைக்கும் ஹூர்டி கல், அதாவது உள்ளீடற்ற சுட்ட மண் கட்டி, இதன் உறவுதான். ஓட்டுக்கு அடியில் இன்னொரு சுட்ட மண் தளம் வருவதால் வெயிலும் குறையும், ஓடும் கொட்டாது. T இரும்பின் அடிப்பக்கம் மட்டும் தீயைப் பார்த்துத் திறந்தே கிடக்கும், அதைப் பூசி மூட வேண்டும். ஹூர்டி கல் எளிதாகக் கிடைக்கும் ஊர் என்றால் நான் இதைத்தான் எடுத்திருப்பேன்.

அடுத்தது கான்கிரீட் கைகள், அதாவது கைமரத்துக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் வார்த்த சட்டங்கள். அவை என்றால் இங்கே பலர் முகம் சுளிக்கிறார்கள், பார்க்க அழகில்லையாம். அவர்களுக்கு நான் பிரான்ஸைக் காட்டுவேன். 1914 செப்டம்பரில் போர்க்குண்டு விழுந்து ரைம்ஸ் பேராலயத்தின் மரக்கூரை எரிந்துபோனது. அதைத் திரும்பக் கட்டிய ஆன்றி தனோ என்ற கட்டடக்கலைஞர் பெரிய உத்திரங்களை வார்க்கவில்லை. சிறுசிறு கான்கிரீட் சட்டங்களைத் தரையில் வார்த்து, மேலே ஏற்றி, ஓக் மர ஆப்புகளால் கோத்தார். தச்சு வேலை போலவே இருக்கும். நான்ட் நகரப் பேராலயத்தின் மரக்கூரை 1972 ஜனவரியில் எரிந்தது. பதிலுக்குக் கான்கிரீட் சட்டகம் வைத்தார்கள். 2020 ஜூலையில் உள்ளே மறுபடியும் தீ. ஆர்கன் என்ற பெரிய இசைக்கருவி சாம்பலானது, கூரை நின்றது. ஒரே கட்டடம், இரண்டு தீ, இரண்டு விதக் கூரை: இதைவிட நேரான ஒப்பீடு எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அளவுதான் சிறிது. கம்பியைச் சுற்றி 20 முதல் 25 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கம்பி சூடேறாமல் காப்பது அந்த மூடல்தான். அவசரத்தில் வார்த்துக் கம்பி வெளியே தெரிந்தால் பலன் போச்சு. ஈரம் காயாத கான்கிரீட் தீயில் பொரிந்து தெறிக்கும், ஆகவே நன்றாக ஆறவிட்டே ஏற்ற வேண்டும்.

சரிவாகக் கான்கிரீட் தளமே போட்டு மேலே ஓடு பதிப்பவர்களும் உண்டு. தீக்கு அதுவே மிகப் பாதுகாப்பு. ஆனால் அங்கே ஓடு வெறும் அலங்காரம். ஓட்டிடுக்கு வழியே புகையும் வெக்கையும் வெளியேறும் அடுப்படி அதோடு முடிந்தது. எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் அடுப்படிக்கு மட்டும் கான்கிரீட் கைகள் வார்த்தோம். மேலே ரீப்பருக்குப் பதில் L வடிவ இரும்பு ஆங்கிள் வைத்தோம். அதுவும் சூட்டில் தளரக்கூடியதுதான். ஆனால் அரை மீட்டருக்கு ஒரு கை தாங்குவதால் ஒவ்வொரு துண்டுக்கும் பாரம் குறைவு. நடுவீட்டின் பழைய தேக்கு அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த சுவரை ஓட்டின் அடிவரை செங்கல் வைத்து உயர்த்தி இடைவெளியை அடைத்துவிட்டோம். அந்த நாலு வரிசைச் செங்கல்லை ஆசாரிதான் நின்று பார்த்து வைக்கச் சொன்னார்.