வருகைதரு ஆய்வாளருக்கு எந்த அனுமதி? சிங்கப்பூர் விதிகள் ஓர் ஒப்பீடு

தமிழகத்திலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஓர் ஆய்வாளரைச் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்திற்கு அழைக்கும்போது பேச்சு உடனே நாள்கணக்கில் போய் நிற்கிறது. எத்தனை நாள் தங்கலாம், நீட்டிக்க முடியுமா என்பதே முதல் கேள்வி. ஆனால் அனுமதியைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: வருபவர் இங்கே என்ன செய்யப்போகிறார், எதைப் பற்றிப் பேசப்போகிறார். இரண்டாவது கேள்வியில்தான் தமிழாய்வாளர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

எளியது குறுகியகால வருகை அனுமதி. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இலங்கை, மலேசியக் கடவுச்சீட்டுகளுக்கு விசா தேவையில்லை. வருகை அட்டையை மட்டும் எல்லோரும் வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இந்த அனுமதியில் கருத்தரங்குகளில் பங்கேற்பாளராக அமரலாம், சந்திப்புகளுக்குச் செல்லலாம். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் லீ கொங் சியான் மேற்கோள் நூலகமும் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கிறது. 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ போன்ற பழைய இதழ்களைத் தேடி வருபவருக்குப் பெரும்பாலும் இதுவே போதும். பங்கேற்பாளர் என்ற சொல்லை மட்டும் மறக்கக் கூடாது. மேடையேறிக் கட்டுரை வாசித்தாலோ பட்டறை நடத்தினாலோ அது வேலையாகிவிடுகிறது.

அப்போது வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, வேலை அனுமதி விலக்கு. கருத்தரங்கில் பேசுவதும் பயிலரங்கு நடத்துவதும் மனிதவள அமைச்சின் விலக்குப் பட்டியலில் உள்ளன. வருகை அனுமதியில் நுழைந்தபின், பேசத் தொடங்குவதற்கு முன், அமைச்சுக்கு இணையவழி அறிவிப்புக் கொடுத்தால் போதும். விமானம் ஏறுவதற்கு முன்பே அதைக் கொடுக்க முடியாது. உரை முடிந்தபின் கொடுத்துப் பயனில்லை. உச்சவரம்பு ஒரு நாட்காட்டி ஆண்டில் மொத்தம் 90 நாள். இந்த எண்ணைப் பார்த்து மூன்று மாத நிகழ்ச்சி நிரல் போடுவது ஆபத்து. குடிநுழைவு அதிகாரிகள் எத்தனை நாள் தங்க அனுமதித்தார்களோ அதற்கு மேல் விலக்கு நீளாது. 30 நாள் கிடைத்தால், அந்த வருகைக்கு விலக்கும் 30 நாள்தான்.

மற்றொன்று மிஸலேனியஸ் வொர்க் பாஸ். சமயம், இனம், சமூகம், ஒரு கொள்கை இலக்கு, அரசியல் நோக்கம் ஆகியவற்றை நேராகவோ மறைமுகமாகவோ தொடும் நிகழ்ச்சிகளுக்கு முன்சொன்ன விலக்கு பொருந்தாது. அங்கே பேச வரும் வெளிநாட்டவருக்கு இங்குள்ள அமைப்பு ஒன்று பொறுப்பேற்று, இந்த அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். அதிகபட்சம் 60 நாள். 1964இல் இனக் கலவரங்களைக் கண்ட நாடு இந்தத் தலைப்புகளில் வெளிநாட்டுப் பேச்சாளர்களைத் தனியாகக் கவனிப்பதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் தமிழாய்வின் பெரும்பகுதி இந்த வட்டத்தின் ஓரத்தில்தான் நிற்கிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரம் பற்றிய உரைக்குச் சிக்கல் எதுவும் தெரியவில்லை. தேவாரத்தின் பண்ணமைப்பு இசை ஆய்வா, சமய உரையா? மலாயாத் தோட்டத் தொழிலாளர் குடிபெயர்வில் சாதி என்ற தலைப்பு வரலாறா, சமூகம் பற்றிய பேச்சா? இதை அழைப்பாளர் தாமாக ஊகித்து முடிவெடுப்பது தவறு. உரைச் சுருக்கத்தை இணைத்து அமைச்சிடம் எழுத்துமூலம் கேட்க வேண்டும். தலைப்பில் ‘இலக்கியம்’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும் என்று ஏற்பாட்டாளர்கள் சிலர் நினைப்பது எனக்குக் கவலை தருகிறது. பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஊரிலிருந்து வந்த விருந்தாளி.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், சிறு ஐயம் இருந்தாலும் மிஸலேனியஸ் பாஸ் பக்கமே நான் சாய்வேன். விலக்கு விரைவானது, தாள் வேலை குறைவு. ஆனால் அது பொருந்தாத இடத்தில் பயன்படுத்தினால் அனுமதியே இல்லாமல் வேலை செய்ததாகிவிடும். அதற்கு 20,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அழைத்த நிறுவனத்திற்கும் தனியே தண்டனை உண்டு.

ஒரு பருவம் முழுவதும் பாடம் நடத்தவோ, ஆய்வுத் திட்டத்தில் சம்பளத்துடன் சேரவோ வருபவருக்கு மேற்சொன்ன எதுவும் உதவாது. சம்பள வேலைக்கு வரும் வெளிநாட்டு வல்லுநர்களுக்கான எம்ப்ளாய்மெண்ட் பாஸ்தான் வழி. 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி. அதுவும் இளையவர்களுக்கு மட்டுமே. வயது கூடக் கூட உயர்ந்து, நாற்பதுகளின் நடுவில் 10,700ஐத் தொடுகிறது. கணினித் துறைக்கு இது பெரிய தொகையாக இராது. மானுடவியல், மொழித் துறைகளின் உதவித்தொகையோடு ஒப்பிட்டால், அனுபவம் முதிர்ந்த பேராசிரியரை அழைப்பதே கடினமாகிறது. இங்கே வயதும் புலமையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

சம்பளத்தைத் தாண்டியதும் 2023 செப்டம்பரில் தொடங்கிய காம்பஸ் மதிப்பீடு காத்திருக்கிறது. தேவை 40 புள்ளிகள். சம்பளம், கல்வித் தகுதி, நிறுவனத்தின் ஊழியர்களிடையே நாட்டுப் பன்மை, உள்ளூர் வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்குப் புள்ளிகள் கிடைக்கும். உயர்தரப் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகப் பட்டத்திற்கு 20, மற்ற அங்கீகரிக்கப்பட்ட பட்டத்திற்கு 10. பட்டத்தின் உண்மைத்தன்மையை உறுதிசெய்யும் சான்று வேண்டும். தமிழகத்தின் சில பழைய பட்டங்களுக்கு அதைப் பெறவே நாளாகலாம் என்பதால் ஆய்வாளர் முதலில் தொடங்க வேண்டிய வேலை இதுதான். மாதத்திற்கு 22,500 வெள்ளியோ அதற்கு மேலோ பெறுபவருக்கும் ஒரு மாதமோ அதற்குக் குறைவாகவோ பணியாற்றுபவருக்கும் காம்பஸிலிருந்து விலக்கு உண்டு. நான்கு வாரத் தீவிர வகுப்பைத் திட்டமிடும் துறைகள் இந்த ஒரு மாத விலக்கை அதிகம் பயன்படுத்த வேண்டும் என்பது என் விருப்பம்.

முனைவர் பட்ட மாணவர் ஆய்வகப் பயிற்சிக்கு வந்தால் டிரெய்னிங் எம்ப்ளாய்மெண்ட் பாஸ் இருக்கிறது. மூன்று மாதம் வரை, புதுப்பிக்க முடியாது, குடும்பத்தை அழைத்துவர முடியாது. பரிமாற்ற மாணவராகப் பதிவுசெய்து முழுநேரம் படிக்க வருபவர் குடிநுழைவு ஆணையத்தின் மாணவர் அனுமதியை நாடலாம்.

குடும்பம் பற்றி ஒன்று. துணைவரையும் பிள்ளைகளையும் சார்ந்தோர் அனுமதியில் கூட்டிவர 6,000 வெள்ளி மாதச் சம்பளம் வேண்டும். 5,600 வெள்ளிக்கு ஒப்பந்தம் எழுதும் துறை, 400 வெள்ளி வித்தியாசத்தில் ஓர் இளம் ஆய்வாளரைக் குடும்பத்திலிருந்து பிரித்துவிடுகிறது. கைக்குழந்தையுள்ள பெண் ஆய்வாளர்கள் அழைப்பையே ஏற்க முடியாமல் போவதற்கு இது ஒன்றே போதும். சம்பளத்தை எழுதும் மேசையிலேயே, ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன், அந்த 400 வெள்ளியைத் துறைத்தலைவர் கேட்டு வாங்கித் தர வேண்டும்.